அளக்காமல் எழுதிய எண்

என் மாமாவின் பட்டறையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அட்டை கிழிந்து, பக்க ஓரங்களில் எல்லாம் கறுப்பு எண்ணெய் படிந்த புத்தகம். பட்டர்வொர்த், மாக் மண்டின் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்தச் சின்னப் பட்டறையில் பிரிக்கப்படும் ஒவ்வோர் இன்ஜினுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. அவற்றில் ஒரு பக்கம் என் கையெழுத்தில் இருக்கிறது. நான்கு சிலிண்டர்களுக்கும் நேராக 0.05, 0.05, 0.05, 0.05 என்று எழுதியிருக்கிறேன். அவற்றில் நான் உண்மையில் அளந்தது முதல் எண்ணை மட்டும்தான்.

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்கள் அவை. வீட்டில் சும்மா இருக்காதே என்று அம்மா என்னை மாமாவின் பட்டறைக்கு அனுப்பி வைத்தார். 1960களில் வந்த ஒரு பீட்டில் காரின் இன்ஜினை மாமா பிரித்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். சிலிண்டர்களில் மூன்று ஒரே செட். நான்காவது விரிசல் விட்டுப் போனதால், வேறொரு செட்டிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார். மைக்ரோமீட்டரை என் கையில் கொடுத்து, "நாலையும் அளந்து எழுதி வைடா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

முதல் பிஸ்டனை அளந்தேன். அதன் சிலிண்டரை அளந்தேன். கழித்துப் பார்த்தால் 0.05 மில்லிமீட்டர். கையேட்டில் 0.04 முதல் 0.06 வரை இருக்கலாம் என்று போட்டிருந்தது. சரியாக வந்துவிட்டதே, மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான்கு இடத்திலும் ஒரே எண்ணை எழுதிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பட்டர்வொர்த் - கூலிம் நெடுஞ்சாலையில் அந்த இன்ஜின் ஜாம் ஆனது. நல்ல வேளையாகப் பின்னால் லாரி எதுவும் வரவில்லை. காரை ஓட்டியவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். இழுவை வண்டியில் பட்டறைக்கு வந்த இன்ஜினை மாமா பிரித்தபோது, 3ஆம் பிஸ்டனின் பக்கம் முழுவதும் கீறலாக இருந்தது. அதன் அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈயம் பூசியது போல அப்பிக்கிடந்தது. மாமா நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"மூணாம் நம்பரை அளந்தியா?"

"இல்லை மாமா."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "கேப் பத்தாம பிடிச்சிருக்கலாம். காத்து பத்தாம சூடேறியிருக்கலாம். டைமிங் தப்பா வச்சிருக்கலாம். இப்ப எதுன்னு சொல்ல முடியாதுடா. நீ அளந்திருந்தா ஒண்ணையாவது தள்ளி வச்சிருக்கலாம்" என்றார். பிறகு அந்தக் காரின் உரிமையாளரிடம் ஒரு காசு வாங்காமல், தன் செலவிலேயே எல்லாவற்றையும் மறுபடி செய்து கொடுத்தார்.

இப்போது நான் இயந்திரவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தத் தவணை விடுமுறையில் அதே பட்டறைக்கு ஒரு கார்மான் கியா வந்தது. அதன் நான்கு சிலிண்டர்களையும் அளக்கும் வேலையை மாமா என்னிடமே கொடுத்தார்.

தண்ணீர் இல்லாத இன்ஜின்

கார்மான் கியாவை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்க மாட்டோம். இத்தாலியின் தூரின் நகரிலிருந்த கியா நிறுவனம் வடிவமைத்து, ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகரிலிருந்த கார்மான் நிறுவனம் உடற்கூடு கட்டி, ஃபோக்ஸ்வேகன் 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தாழ்வான, வளைவான ஸ்போர்ட்ஸ் கார் அது. 1974 வரை தயாரானது. வெளித்தோற்றம்தான் ஸ்போர்ட்ஸ் கார். பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது பீட்டில் காரின் இன்ஜின். 1970களில் வந்த 1600 வகைக்குச் சுமார் 50 குதிரைத்திறன்.

அந்த இன்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடாது. ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாக, உடம்பெல்லாம் மெல்லிய துடுப்புகளோடு இருக்கும். பெல்ட்டில் சுற்றும் ஒரு காற்றாடி அந்தத் துடுப்புகளின் நடுவே காற்றைத் தள்ளும். மீதிச் சூட்டை எண்ணெய்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணெயும் இரண்டரை லிட்டர்தான்.

இது நமக்குப் புதிய விஷயமல்ல. வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய் மோட்டாரைக் குனிந்து பாருங்கள். ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டார்களின் சிலிண்டரிலும் அதே துடுப்புகள் இருக்கும். அதுவும் காற்றால் குளிரும் இன்ஜின்தான். இஎக்ஸ்5இல் 50 மி.மீ. குறுக்களவில் ஒரே ஒரு பிஸ்டன். கார்மான் கியாவில் 85.5 மி.மீ. குறுக்களவில் நான்கு. ஃபெர்டினாண்ட் போர்ஷே உருவாக்கிய பீட்டில் இன்ஜினின் வழியில்தான் 1948இல் போர்ஷே 356 வந்தது. 1963இல் உலகுக்குக் காட்டப்பட்ட போர்ஷே 911இல் ஆறு சிலிண்டர்கள். காற்றால் குளிரும் 911 கார்கள் 1998 வரை தயாராயின.

தண்ணீர் இருக்கும் இன்ஜினில் வெப்பநிலை ஓரளவு ஒரே நிலையில் நிற்கும். காற்றை நம்பும் இன்ஜினில் அப்படியில்லை. ஏற்றத்தில் ஒரு சூடு, போக்குவரத்து நெரிசலில் வேறொரு சூடு. சிலிண்டருக்குச் சிலிண்டரும் மாறும். பழைய பீட்டில்களில் எண்ணெயைக் குளிர வைக்கும் கூலர், 3ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியிலேயே நிற்கும். அதனால் அந்தச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக ஓடும். 1970களின் தொடக்கத்தில் கூலரை வேறிடத்துக்கு மாற்றிய பிறகே இந்தக் குறை குறைந்தது. மாமா "காத்து பத்தாம" என்று சந்தேகப்பட்டது இதனால்தான்.

சூடு இப்படி ஏறி இறங்கும் இடத்தில் உலோகங்கள் விரியும், சுருங்கும். அதற்கு இடம் விட்டிருக்கிறோமா என்று பார்ப்பதுதான் கிளியரன்ஸ் சோதனை. காற்றால் குளிரும் இன்ஜினை மறுபடி கட்டும்போது பிஸ்டனைச் சுற்றி நான்கு இடைவெளிகளைப் பார்க்க வேண்டும்.

முதல் இடைவெளி: பிஸ்டனும் சுவரும்

பிஸ்டன் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், ஒரு நொடிக்கு 66 முறைக்கு மேல் அது போய் வரும். இவ்வளவு வேகமாக ஓடும் பொருளுக்கும் அதன் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய வித்தியாசம் 0.04 முதல் 0.06 மி.மீ. நம் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கும். அதாவது ஒரு முடி நுழையக்கூட இடம் இல்லை. தேய்ந்து தேய்ந்து இந்த அளவு 0.2 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற வேண்டியவை. அந்த நிலையில் பிஸ்டன் சுவரில் தட்டிச் சத்தம் போடும், எண்ணெய் எரியும், பின்னால் நீலப் புகை வரும்.

பிஸ்டனின் குறுக்களவை எந்த இடத்தில் வேண்டுமானாலும் அளந்துவிட முடியாது. பிஸ்டன் பார்க்க உருளை போல இருந்தாலும், அது உருளை அல்ல. மேல்பகுதி நெருப்பைத் தொடுவதால் அதிகம் விரியும் என்று, அதை முன்கூட்டியே சிறியதாகச் செய்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் அது வட்டமாகவும் இருக்காது. லேசான நீள்வட்டமாக இருக்கும். பிஸ்டனின் கீழ்ப்பாவாடைப் பகுதியில், பின் செருகும் துளைக்குச் செங்குத்தான திசையில்தான் அது மிக அகலமாக இருக்கும். அங்கேதான் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். வேறிடத்தில் வைத்தால் எண் வரும். ஆனால் அது பொய் எண்.

சிலிண்டரைப் போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு 6 எண்கள். நான்குக்கு 24. பிஸ்டன்களுக்கு 4. ஆக 28 எண்கள். இதைத்தான் நான் அன்று இரண்டு அளவுகளோடு முடித்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயத்தை மாமா இந்த முறை சொல்லிக் கொடுத்தார். பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தேன். "கீழ வைடா, உன் கைச்சூடு ஏறும்" என்றார். சிரித்தேன். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன் அலுமினியம் ஒரு டிகிரி சூடேறினால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 0.00002 மி.மீ. விரியும். 85.5 மி.மீ. பிஸ்டன் 3 டிகிரி சூடேறினால் 0.005 மி.மீ. பெருக்கும். நாம் தேடும் இடைவெளியில் அது பத்தில் ஒரு பங்கு. பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் சில மணி நேரம் வைத்துவிட்டு, பிறகே அளக்க வேண்டும் என்பதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

ஒத்துப்போகாத கணக்கு

அதே இரவில் இன்னொரு கணக்கும் போட்டேன். அது என்னைத் தூங்க விடவில்லை. நீங்களும் போட்டுப் பாருங்கள். படிவம் 4 இயற்பியல் போதும்.

பிஸ்டன் அலுமினியக் கலவை. சிலிண்டர் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு 0.000011 மி.மீ. அளவே விரியும், அலுமினியத்தில் ஏறத்தாழ பாதி. இரண்டும் 100 டிகிரி சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். பிஸ்டன் 85.5 × 0.00002 × 100 = 0.17 மி.மீ. பெருக்கும். சிலிண்டரின் உள்வட்டம் 85.5 × 0.000011 × 100 = 0.09 மி.மீ. விரியும். வித்தியாசம் 0.08 மி.மீ. நாம் விட்ட இடைவெளியோ 0.05. அப்படியென்றால் எல்லாப் பீட்டில்களும் முதல் நாளே ஜாம் ஆகியிருக்க வேண்டுமே?

மறுநாள் மாமாவிடம் கேட்டேன். அவருக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் பதில் தெரிந்திருந்தது. "நீ அளக்கிற இடம் பிஸ்டனோட அடி. அங்க அவ்வளவு சூடு ஏறாது, கீழ எண்ணெய் தெறிச்சுக்கிட்டே இருக்கும். அடிப்பாவாடை மெல்லிசு, கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். அதுக்குன்னுதான் அப்படிச் செஞ்சிருக்கான்."

என் கணக்கில் பெருக்கல் சரி. பிஸ்டன் முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும், அது நேரான உருளை, அது வளையாது என்று நான் சொல்லாமலே எடுத்துக்கொண்ட மூன்று விஷயங்கள்தான் தவறு. பாடப்புத்தகக் கணக்கில் இவை யாவும் "எனக் கொள்க" என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடும். இருந்தாலும் அந்தக் கணக்கு வீணில்லை. 0.05 என்பது தாராளமான இடமல்ல, அதில் 0.02 குறைந்தாலும் பெரிய இழப்பு என்பதை அதுதான் எனக்குக் காட்டியது.

இரண்டாவது: ரிங்கின் வாய்

பிஸ்டனைச் சுற்றி மூன்று ரிங்குகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு. ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் லேசாகத் தள்ளினால் அது கோணாமல் நேராக உட்காரும். அந்த வெட்டின் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜினின் மேல் இரண்டு ரிங்குகளுக்கு 0.30 முதல் 0.45 மி.மீ. வரை இருக்கலாம்.

இந்த எண் எங்கிருந்து வந்தது? ரிங்கின் சுற்றளவு 85.5 × 3.14, அதாவது சுமார் 268 மி.மீ. ரிங், சிலிண்டரைவிட 100 டிகிரி அதிகம் சூடானால் அதன் நீளம் 0.29 மி.மீ. கூடும். வெட்டு அவ்வளவும் அடைந்துபோகும். 0.30க்குக் குறைவாக விட்டிருந்தால் இரு முனைகளும் முட்டி, போக இடமில்லாமல் ரிங் சுவரைக் கீறும் அல்லது உடையும். இங்கே கணக்கும் கையேடும் அழகாக ஒத்துப்போயின.

மூன்றாவது: பிஸ்டனின் தலைக்கு மேலே

பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது அதன் தலை சிலிண்டரின் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்பது அடுத்த அளவு. பட்டறையில் இதை 'டெக்' என்பார்கள். இந்த இன்ஜினைக் கட்டுபவர்கள் பொதுவாக 1.0 முதல் 1.5 மி.மீ. வரை வைப்பார்கள். சிலிண்டரை நட்டுப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டயல் கேஜை விளிம்பின் குறுக்கே வைத்துப் பிஸ்டனை மெல்ல உச்சிக்குக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் இன்ஜினில் 1, 2 சிலிண்டர்கள் இருக்கும் வலப்பக்கம் 1.30 மி.மீ. வந்தது. 3, 4 இருக்கும் இடப்பக்கம் 0.80 மட்டுமே வந்தது. முன்னொரு காலத்தில் யாரோ இன்ஜின் கேஸின் இடப்பக்கத்தைச் சற்று அதிகமாகச் சீவியிருக்கிறார்கள்.

அரை மில்லிமீட்டர்தானே என்று விடலாமா? ஒரு பிஸ்டன் 69 மி.மீ. தூரம் நகரும்போது 396 சி.சி. காற்றை அடைக்கிறது. சிலிண்டர் தலையிலுள்ள குழி 50 சி.சி. என்று வைத்துக்கொண்டால், டெக் 1.30 இருக்கும் பக்கத்தில் அந்தக் கலவை ஏறத்தாழ 7.9 மடங்கு நெருக்கப்படும். 0.80 இருக்கும் பக்கத்தில் 8.3 மடங்கு. ஒரே இன்ஜினின் இரண்டு பக்கங்கள் இரண்டு விதமாக உழைக்கும். அதிகம் நெருக்கப்படும் பக்கம் அதிகம் சூடேறும். இடப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் 0.5 மி.மீ. ஷிம் வளையம் வைத்தோம். இரண்டு பக்கமும் 1.30 ஆனது. வளையத்தின் விலை சொற்பம். அளக்காமல் இருந்திருந்தால் அதை வைக்க வேண்டும் என்றே தெரிந்திருக்காது.

நான்காவது: களிமண் சோதனை

கடைசிச் சோதனைக்கு வேண்டிய பொருளைப் பாகான் டாலாமில் ஓர் எழுதுபொருள் கடையில் வாங்கினேன். பாலர் பள்ளிப் பிள்ளைகள் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண். அதைத் தட்டையாக்கிப் பிஸ்டன் தலையில் ஒட்டி, தலையைப் பொருத்தி, வால்வுகளையும் சேர்த்து, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு பிரித்தால் வால்வு அழுத்திய தடம் களிமண்ணில் பதிந்திருக்கும். பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தின் தடிமனை அளந்தால், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி தெரிந்துவிடும். களிமண் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வால்வில் கொஞ்சம் எண்ணெய் தடவ வேண்டும்.

பீட்டில் இன்ஜினில் கம்பெனி கேம்‌ஷாஃப்டோடு இருந்தால் இங்கே சிக்கல் அரிது. வால்வை அதிகம் திறக்கும் வேறு கேம் போட்டால்தான் இது கட்டாயம். போர்ஷே 911இல் கதை வேறு. அதில் வால்வுகள் சாய்ந்து நிற்கும்; அவற்றுக்கு இடம்விட்டுப் பிஸ்டன் தலையிலேயே பள்ளம் வெட்டியிருப்பார்கள். அந்த இன்ஜினைக் கட்டுபவர்கள், உறிஞ்சும் வால்வுக்குக் குறைந்தது 1.5 மி.மீ., புகை வெளியேற்றும் வால்வுக்குக் குறைந்தது 2 மி.மீ. இருக்க வேண்டும் என்பார்கள். புகை வால்வுக்கு ஏன் கூடுதல்? அது அதிகச் சூடேறி நீளும். அதோடு பிஸ்டன் மேலே ஏறி வரும்போது அது மூடிக்கொண்டு பின்வாங்குகிறது. ஸ்பிரிங் சற்றுத் தாமதித்தால் பிஸ்டன் துரத்திப் பிடித்துவிடும்.

இரண்டாம் சிலிண்டர்

இனி அந்தக் கார்மான் கியாவுக்கு வருகிறேன். அதன் உரிமையாளர் பினாங்குத் தீவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மூன்று வாரத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். மணமக்களை அந்தக் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை.

புதிய பிஸ்டன், சிலிண்டர் செட் வந்தது. ஒரே பெட்டியில் வந்த புத்தம்புதிய நான்கு ஜோடிகள். அளந்தேன். முதல் ஜோடி 0.05. மூன்றாவது 0.05. நான்காவது 0.04. இரண்டாவது 0.03.

மறுபடி அளந்தேன். 0.03. மைக்ரோமீட்டரைத் துடைத்து, பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, மதியச் சூடு தணிந்த பிறகு மாலையில் மூன்றாவது முறை அளந்தேன். அப்போதும் 0.03. பிஸ்டன்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன்கள் நான்கும் ஒரே அளவு. இரண்டாவது சிலிண்டர்தான் சற்றுச் சிறியது.

அந்த நேரத்தில் என் மனம் என்ன சொன்னது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "0.04 என்று எழுதிவிடு. கையேட்டுக்குள் வந்துவிடும். ஒரு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர். யாருக்குத் தெரியும்?" புதுப் பொருள், கல்யாண அவசரம், என் அளவிலேயே பிழை இருக்கலாம் என்ற சாக்கு. எல்லாம் ஒன்று சேர்ந்து பேசின. நான்கு 0.05 எழுதிய பழைய பக்கம் அதே நோட்டில் சில தாள்களுக்கு முன்னால் இருந்தது.

0.03 என்றே எழுதி மாமாவிடம் காட்டினேன். அவரும் ஒரு முறை அளந்தார். பிறகு ஆசிரியருக்குப் போன் போட்டு, "சார், ஒரு சிலிண்டரை லேத் பட்டறைக்கு அனுப்பிக் கொஞ்சம் ஹோன் பண்ணணும். அங்க வரிசை நிக்குது. ஒரு வாரம் தள்ளிப் போகும்" என்றார்.

மறுநாள் காலை ஆசிரியர் ஃபெர்ரியில் கடந்து பட்டறைக்கே வந்துவிட்டார். கோபம் முகத்தில் தெரிந்தது, குரலில் காட்டவில்லை. "0.03ன்னா என்ன தம்பி ஆகும்? வண்டி ஓடாதா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஓடும் சார். ஓடாதுன்னு சொல்ல முடியாது. ஆனா பாலத்து நடுவுல நின்னுடுச்சுன்னா, ஏன் நின்னுச்சுன்னு எங்களால சொல்ல முடியாது."

அவர் போர் கேஜை வாங்கி, எப்படிப் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டு தானே அளந்து பார்த்தார். முதல் முறை தவறாக வந்தது. மூன்றாவது முறை அவருக்கும் 0.03 வந்தது. "சரி, செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிலிண்டர் திரும்பி வந்தபோது 0.05. இன்ஜின் ஓடத் தொடங்கியது கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான். புதிய ரிங்குகள் சுவரோடு பழகச் சில நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும். அதற்குள் அலங்கரித்துக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போகக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். மணமக்கள் வேறு காரில்தான் போனார்கள். ஆசிரியருக்கு வருத்தம்தான். எனக்கும் வருத்தம்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நம் ஆய்வறிக்கைகள்

இதைப் படிக்கும் மாணவர்களில் பலருக்கு நான் பேசுவது இன்ஜினைப் பற்றி மட்டுமல்ல என்று இந்நேரம் புரிந்திருக்கும். இடைநிலைப்பள்ளி அறிவியல் கூடத்தில் ஊசல் சோதனை செய்திருப்பீர்கள். ஐந்து புள்ளிகளில் ஒன்று நேர்க்கோட்டுக்கு வெளியே போய்விடும். உடனே அழிரப்பரை எடுத்து அதைக் கோட்டுக்குள் கொண்டுவந்துவிடுவோம். பல்கலைக்கழகத்திலும் இது நடக்கிறது. மூத்த மாணவர்களின் பழைய அறிக்கையைப் பார்த்து எண்களை எழுதுவதும், விடை முன்பே தெரியும் என்பதால் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுவதும் நமக்குப் பழகிப்போன வேலைகள். நானும் செய்திருக்கிறேன்.

மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் கோட்டுக்கு வெளியே போன அந்த ஒரு புள்ளிதான் நமக்கு எதையோ சொல்ல வந்தது. நூல் சரியாகக் கட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். நிறுத்துகடிகாரத்தைத் தாமதமாக அழுத்தினோம் என்று சொல்லியிருக்கலாம். அதை அழித்த பிறகு என்ன தவறு நடந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பீட்டிலின் 3ஆம் பிஸ்டன் ஏன் பிடித்துக்கொண்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இடைவெளி சரியாகவே இருந்திருக்கலாம். நான் குற்றவாளியே இல்லாமல்கூட இருக்கலாம். அதை நிரூபிக்கவும் என்னிடம் எண் இல்லை.

இந்த வேலையில் ஆர்வமுள்ள தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நல்ல மதிப்பெண் எடுக்காதவர்கள் போகும் வழி என்று பட்டறை வேலையை நம் வீடுகளில் இன்னமும் பேசுகிறார்கள். மேலே போட்ட கணக்குகளை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்; அவற்றில் வெப்ப விரிவு, கன அளவு, விகிதம் எல்லாம் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகத் தொடங்கி, 4ஆம் நிலையில் டிப்ளோமா, 5ஆம் நிலையில் உயர்நிலை டிப்ளோமா வரை போகலாம். நம் பக்கத்திலேயே பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பாலிடெக்னிக் இருக்கிறது. பட்டப்படிப்புக்குப் போகிறவர்களும் விடுமுறையில் ஒரு மாதம் பட்டறையில் நின்று பாருங்கள். வகுப்பில் கேட்கத் தோன்றாத கேள்விகள் அங்கே தோன்றும்.

கார்மான் கியாவின் பக்கத்தை நோட்டில் எழுதி முடித்துவிட்டேன். இரண்டாம் சிலிண்டருக்கு நேராக 0.03 என்று எழுதி, அடிக்காமல், பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'ஹோன் செய்த பின் 0.05' என்று தேதியோடு எழுதியிருக்கிறேன். பத்து, பதினைந்து வருடம் கழித்து அந்த இன்ஜினை யாராவது மறுபடி பிரிப்பார்கள். அப்போது மாமா இருப்பாரோ, நான் எந்த ஊரில் இருப்பேனோ தெரியாது. பிரிப்பவர் அந்தப் பக்கத்தை நம்பி வேலையைத் தொடங்கலாம்.

பழைய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "இருக்கட்டும்டா" என்றார். பின் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.